ஒரு குடம் கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர்

மன்னார்குடியைத் தாண்டி மேற்கே நடந்துகொண்டிருந்தபோது கழுத்து திரும்பவில்லை. பின்னால் யாராவது சைக்கிள் மணி அடித்தால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. திருத்துறைப்பூண்டியை விட்டுக் கிளம்பி அது இரண்டாம் நாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர். வேறு எதுவும் நான் அங்கே சேர்த்துவைத்திருக்கவில்லை.

கழுத்து வலிக்குக் காரணம் ஓர் ஆம்ப்ளிஃபயர். திருத்துறைப்பூண்டியில் ஒரு மைக் செட் கடையில் இரண்டரை வருடம் இருந்தேன். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு ஓரிடத்தில் அது நீண்ட காலம்தான். ஆளுங்கட்சி இரண்டாக உடைந்திருந்த சமயம் அது. ஒரே தெருவில் ஒரு கூட்டத்துக்குப் பதில் இரண்டு கூட்டம் நடந்தது. எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அதோடு அறுப்புக் கூலிக்காக விவசாயத் தொழிலாளர்கள் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டங்கள் பாதை முடிகிற இடத்துக்கும் அப்பால், வாய்க்காலைத் தாண்டி, குடிசைகள் இருக்கிற மேட்டில் நடக்கும். வண்டி போகாது. ஆம்ப்ளிஃபயரைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். ஒலிபெருக்கிக் குழாய்களையும் பேட்டரியையும் அவர்களே தூக்கிக்கொள்வார்கள். ஆம்ப்ளிஃபயரை மட்டும் கடைக்காரர் வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அந்த ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே சோதனை: தூக்கிப் பார்ப்பது. உள்ளே இரும்பும் செம்பும் நிறைய இருந்தால் கனமாக இருக்கும். கனமாக இருந்தால் நின்று பாடும். வெளியே எத்தனை வாட் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், கனத்தை எழுதி ஏமாற்ற முடியாது. இப்படித்தான் எல்லோரும் நினைத்தோம், நானும் நினைத்தேன். மூன்று பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து, எனக்கு மூச்சு வாங்கவைத்ததைக் கைகாட்டினேன்.

குறுவை அறுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு கூட்டம். சாயங்கால வெயில் இருக்கும்போதே கிழக்குப் பக்கத்திலிருந்து தடிகளோடு பண்ணையார்களின் ஆட்கள் இருபது பேர் வந்தார்கள். எல்லோரும் ஓடினார்கள். நான் வயரைப் பிடுங்கிவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். வரப்பு வழுக்கியது, கழுத்தில் ஏதோ பிசகியது. வாய்க்கால் ஓரத்தில் அதை இறக்கிவைத்தேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். உண்மையில் இறக்கிவைக்கவில்லை, போட்டுவிட்டேன். அது தண்ணீரில் உட்கார்ந்துகொண்டது. கடைக்காரர் கத்தவில்லை. தூக்குகிறவன் ஓடக்கூடாது, ஓடுகிறவன் தூக்கக்கூடாது, நீ இரண்டையும் செய்திருக்கிறாய், இனி வராதே என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரத்தநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. வேலை கேட்டேன். கடைக்காரர் தனக்கே வேலை இல்லை என்றார். ஆனால் மைக் செட் கடையில் இருந்தவன் என்று தெரிந்ததும் என்னை உட்கார வைத்து டீ சொன்னார். லுத்தரன் கோவிலுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அங்கே ஒரு நர்சம்மா ஆம்ப்ளிஃபயர் தெரிந்த ஆள் வேண்டுமென்று மூன்று முறை கேட்டு அனுப்பிவிட்டார், தான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார்.

"அது ரேடியோ இல்லப்பா. ட்ரான்ஸ்ஃபார்மர அடுக்கிக் கட்டின கோபுரம். நான் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

வீடு ஓட்டு வீடு, பெரியது. முற்றத்தில் வைக்கோலும் காலிச் சாக்குகளும் கிடந்தன. நர்சம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய கணவர் சிங்கப்பூரில் வெள்ளைக்காரர்களின் கப்பல் தளத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். தளத்தை மூடிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போனபோது இவர்களும் கப்பல் ஏறி வந்துவிட்டார்கள். வந்த ஒரு வருடத்துக்குள் கணவர் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. இது கணவருடைய அண்ணன் வீடு. நர்சம்மா அருகில் ஒரு மிஷன் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே பின்கட்டில் இருந்தார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கூடத்தின் நடுவில் இரண்டு தட்டிகள் நின்றன. ஆள் உயரம், இரண்டு முழ அகலம், இரண்டு விரல் தடிமன். பழுப்பு நிறத் துணி போர்த்தியிருந்தது. ஒன்றின்மேல் ஈரப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. நான் அதை மறைப்புக்கு வைத்த தட்டி என்றுதான் நினைத்தேன். சிஸ்டர் பாவாடையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "இதுதான் ஸ்பீக்கர்" என்றார்.

துணியை ஓரத்தில் விலக்கிக் காட்டினார். உள்ளே கூம்பு இல்லை, பெட்டி இல்லை. கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு மெல்லிய தாள், அதன்மேல் மேலும் கீழுமாக ஒட்டிய மெல்லிய கம்பி, பின்னால் வரிசையாகக் காந்தம். அவ்வளவுதான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குத் தூக்கிப்போக மனமில்லாமல் இவருடைய கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. அது ஆடுவதற்கு மிகுந்த மின்சாரம் கேட்கும். ஆகவே கணவரே ஓர் ஆம்ப்ளிஃபயரைக் கட்டினார். அது மூலையில் இருந்தது. நான் அதைத் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. வாய்க்காலில் நான் போட்டது இதற்குப் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

போட்டுக் காட்டினார். வால்வுகள் சூடாகக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு நாதஸ்வர இசைத்தட்டு. நான் இரண்டரை வருடம் கல்யாண வீடுகளிலும் கோயில்களிலும் நாதஸ்வரத்தைக் குழாயில் விட்டுக்கொண்டிருந்தவன். எங்கள் குழாயில் அது இரண்டு மைலுக்குக் கேட்கும், ஆனால் எல்லா வாத்தியமும் தகரத்தால் செய்தது போல இருக்கும். இங்கே சத்தம் பெரிதாக இல்லை. வாசிக்கிறவர் தட்டிகளுக்குப் பின்னால், சுவர் இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு இழுப்பது கேட்டது. தவில் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளி இருந்தது. நான் எழுந்துபோய்த் தட்டியின் பின்பக்கம் பார்த்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.

தட்டு முடிந்ததும் சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. நான்கு நாளில் சேர வேண்டும். தங்குவதற்கு நர்சுகள் விடுதியில் ஓர் அறை, இரண்டாவது மாடி. அந்த விடுதியின் கேட்டுக்கு உள்ளே ஆண்கள் யாரும் போகக்கூடாது. அப்பாவானாலும் சரி, சாமான் இறக்குகிற கூலியாளானாலும் சரி. பெட்டி படுக்கையை அவரவரே தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். தட்டிகளைப் பற்றிக் கவலையில்லை, இன்னொரு நர்சு ஒரு முனையைப் பிடித்தால் கதவைத் தூக்குகிற மாதிரி தூக்கிவிடலாம். ஆம்ப்ளிஃபயரை யார் தூக்குவது?

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது, அதைக் கணவருடைய அண்ணன் வந்தபிறகுதான் முழுக்கப் புரிந்துகொண்டேன். நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. அவர் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் மகன்கள் பெயரிலும் நிலத்தைப் பிரித்து எழுதிவைத்திருந்தார். தம்பியின் பங்கு மட்டும் தம்பி பெயரிலேயே பட்டாவில் நின்றது. அதைத் தம்பி உயிரோடு இருக்கும்போதே தன் மகள் பெயருக்கு விற்றுவிட்டதாக ஒரு காகிதம் தயார் செய்திருந்தார். சிஸ்டர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை. அதிலிருந்து அந்தத் தெருவில் எந்த ஆளும் அவருக்கு ஒரு தகரப் பெட்டியைக்கூடத் தூக்கித் தருவதில்லை. யாரும் சண்டை போடவில்லை. கேட்டால் இதோ வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள்.

அண்ணன் நல்ல மனிதராகத்தான் பேசினார். நான் கூடத்தில் கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தம்பி எந்த ஊர், யார் பிள்ளை என்று எல்லாம் கேட்டார். பிறகு சிஸ்டரைப் பார்த்துச் சொன்னார்.

"ஏம்மா, இதுக்குப் போயி வழியில போற ஆளையெல்லாம் கூட்டியாந்து உக்காரவச்சிருக்க. ஒரு கையெழுத்து. நாலு ஆளு, வில்வண்டி, எல்லாம் நானே அனுப்புறேன். தஞ்சாவூர்ல வேற வீடு பாத்து அங்கயே இறக்கித் தர்றேன்."

"நான் தூக்குற கனத்துக்கு ஒண்ணு பாத்துக்குறேன் அத்தான்."

"நீ தூக்குற கனத்துக்கு இது பாடாதும்மா. என் தம்பி சொல்லியிருக்கான்."

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் பிரச்சினை. தட்டிகளை விட்டுவிட்டுப் போனால் அவை பாவாடை காயப்போடத்தான் ஆகும். ஆம்ப்ளிஃபயரோடு கொண்டுபோக வேண்டுமென்றால் கையெழுத்துப் போட வேண்டும். அவரே தூக்கிக்கொண்டு மாடி ஏறக்கூடிய, ஆனால் அந்தத் தட்டிகளின் பசிக்குப் போதுமான ஒன்று கிடைத்தால் மட்டும் அந்த இரண்டையும் செய்யாமல் போகலாம். எவ்வளவு கனம் தூக்குவீர்கள் என்று கேட்டேன். ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் நடப்பேன், அதற்கு மேல் ஒரு சொம்புகூட வேண்டாம் என்றார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. என் ஆண்பிள்ளைத் தலையில் ஏறியதுகூடப் போதாது என்கிற தட்டிக்கு ஒரு பெண்பிள்ளை இடுப்பில் வைக்கிறதா? கனம் குறைந்தால் சரக்கு மட்டம் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. ஆனாலும் பார்க்கிறேன் என்றேன். எங்கே போவது என்று வேறு எண்ணமும் எனக்கு இல்லை.

இரவு ஊர்க் கோயில் மண்டபத்தில் படுத்திருந்துவிட்டு மறுநாள் ரிப்பேர் கடைக்காரரிடம் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கி வந்தேன். மைக் செட்டுக்கு அப்போதுதான் வந்திருந்த வகை. வால்வு கிடையாது, பேட்டரியிலும் ஓடும், ஒரு கையில் தூக்கலாம். அறுபது வாட் என்று முகப்பில் எழுதியிருந்தது. கணவர் கட்டியதில் எந்த எண்ணும் எழுதியிருக்கவில்லை.

இங்கேதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். மைக் செட்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எங்கள் குழாய் ஒவ்வொன்றின் கழுத்திலும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கும். அதனால் தெரு முழுவதும் வயரை இழுத்துக்கொண்டுபோய், ஆம்ப்ளிஃபயரின் முதுகில் நூறு வோல்ட் என்று எழுதிய திருகில் மாட்டிவிடுவோம். பத்துக் குழாய் ஆனாலும் அந்த ஒரே திருகுதான். மற்ற திருகுகளை நான் தொட்டதே இல்லை. அவற்றின் மேல் தூசி படிந்திருக்கும். தட்டியில் அப்படி ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லை என்று யோசிக்காமல் கை தானாக அந்தத் திருகுக்கே போயிற்று. இடதுபக்கத் தட்டியின் வயரை நூறு வோல்ட்டில் மாட்டி, குமிழைக் கூட்டத்துக்குத் திருப்புகிற அளவுக்குத் திருப்பினேன்.

படார் என்று ஒரு சத்தம். பிறகு ரொட்டி தீய்ந்த மாதிரி வாசனை. ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் போயிருந்தது. தட்டியின் கீழ்ப்பக்கத்தில், தாளின்மேல் ஒட்டியிருந்த கம்பி ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்து, தாளை விட்டு எழும்பி நின்றது.

 சிஸ்டர் கிட்டே வந்து பார்த்தார். காயத்தைப் பார்க்கிற மாதிரி முதலில் தொடாமல் பார்த்தார், பிறகு ஒரு விரலால் தொட்டார். மருந்தகத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அப்போதே நான் போயிருக்கலாம். பையும் கையோடுதான் இருந்தது. என் வழக்கமும் அதுதான்: ஒன்று கெட்டுப்போனால் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவது. போகாததற்குக் காரணம் நல்ல குணம் இல்லை. கழுத்து வலித்தது, வெயில் கடுமையாக இருந்தது, இன்னொன்று, அந்தக் கம்பி அறுந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளாமல் போக முடியவில்லை. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். அறுபடவில்லை. எழும்பிய இடத்தில் நகப்பூச்சைத் தடவி ஒட்டினேன். நகப்பூச்சு அண்ணனின் மகளுடையது, கேட்டு வாங்கினேன். பிறகு ஃபியூஸைப் போட்டு, தூசி படிந்த திருகுகளில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். கடைசித் திருகில் தட்டி பாடியது. அடிக்குரல் வரும்போது மட்டும் கறுத்த இடம் ஈ பறக்கிற மாதிரி அதிர்ந்தது. அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை.

சிஸ்டர் சாயங்காலம் வந்து கேட்டார். இரண்டு தட்டிகளையும் சேர்த்து மாட்டியிருந்தேன். முதல் பத்து நிமிடம் அருமையாக இருந்தது. பிறகு ஆம்ப்ளிஃபயரின் முதுகில் கை வைக்க முடியவில்லை. தவில் வருகிற இடத்தில் சத்தம் நசுங்கியது. கால் மணி நேரத்தில் தானாகவே வாயை மூடிக்கொண்டது. நான் விசிறியால் வீசினேன். குளிர்ந்ததும் மறுபடி பாடியது, மறுபடி மூடியது.

"அத்தான் சொன்னது சரிதான் போல" என்றார் சிஸ்டர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கனத்துக்குத் தப்பிக்க வழி இல்லை. ஆனால் அந்த ஈ பறக்கிற சத்தம் என்னை விடவில்லை. அது எந்தத் தட்டியில் வருகிறது என்று சிஸ்டருக்குக் காட்டுவதற்காக வலதுபக்கத்து வயரைக் கழற்றினேன். இடது தட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டே இருந்துவிட்டோம். தட்டு ஒரு பக்கம் முடிந்து, சிஸ்டர் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கமும் முடிகிற நேரத்தில்தான் கவனித்தேன், ஆம்ப்ளிஃபயர் வாயை மூடவில்லை. முதுகில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு தட்டிக்கு அது போதும். இரண்டுக்குத்தான் போதவில்லை.

நான் இதைச் சொன்னபோதும் எனக்கு அதில் வழி தெரியவில்லை. ஒரு தட்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். எங்கள் தொழிலில் ஓர் ஆம்ப்ளிஃபயருக்குப் பத்துக் குழாய். அதற்கு மேல் என் மண்டை ஓடவில்லை. சிஸ்டர்தான் கேட்டார்.

"இதே மாதிரி ரெண்டு வாங்குனா?"

"ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரா? யாரும் செய்யமாட்டாங்க சிஸ்டர்."

"ஏன், செஞ்சா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகாது. ரெக்கார்டு பிளேயரிலேயே இடது வலது என்று இரண்டு வயர் தனித்தனியாகத்தான் வருகிறது. ஆனால் கனம் இரண்டு மடங்காகிவிடுமே என்றேன்.

"ஒரே நடையில ஏன் தூக்கணும் தம்பி? வீட்டுக்கு நாலு குடம் தண்ணி வேணும்னா நாலையுமா ஒண்ணா தூக்குறோம்?"

 தலையில் ஒன்றே ஒன்றைத்தான் வைக்க முடியும், ஆகவே இருப்பதிலேயே பெரிய ஒன்று என்று நாங்கள் வைத்திருந்தோம். இரண்டு நடை நடக்கலாம் என்பது ஓர் ஆணுக்கும் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது குடம் சுமக்கிற வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

மறுநாள் காலையில் இரவல் ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். தட்டிகளை நான் ஒவ்வொன்றாகப் பேருந்து நிற்கும் இடத்துக்குத் தூக்கிப்போனேன், இரண்டு நடை. அவை காற்றில் பாய் மாதிரி இழுத்தனவே தவிர கனக்கவில்லை. ரெக்கார்டு பிளேயரும் தட்டுகளும் வைத்த தகரப் பெட்டியை சிஸ்டரே தலையில் வைத்துக்கொண்டார். அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பழைய ஆம்ப்ளிஃபயரை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்.

"இங்கயே இருக்கட்டும் அத்தான். தூக்க நாலு ஆளு உங்ககிட்டதான இருக்காங்க."

அவர் சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் நாங்கள் தெருமுனை திரும்புகிற வரை உள்ளே போகவில்லை.

தட்டிகளைப் பேருந்தின் கூரையில் கட்டிவைத்தோம். கண்டக்டர் அவற்றை நாடக கோஷ்டியின் சீன் என்று எண்ணிக்கொண்டு, எந்த ஊரில் நாடகம் என்று சிஸ்டரைக் கேட்டார். பெரியாஸ்பத்திரியில் என்று சிஸ்டர் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தஞ்சாவூரில் ஆம்ப்ளிஃபயர் விற்கிற கடைக்காரர் எங்களை நம்பவில்லை. முதலில் என்னைப் பார்த்துப் பேசினார். நான் சிஸ்டரைக் காட்டினேன். அவர் இருப்பதிலேயே பெரிய பெட்டியைத் தட்டிக் காட்டி, "அம்மா, கல்யாண மண்டபத்துக்கே இது போதும், கல்லு மாதிரி" என்றார். கல்லு வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். பிறகு நான்கு வகைகளைக் கீழே இறக்கச் சொன்னார். பாட்டைப் போடச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தூக்கினார். கடைக்குள் சரக்கு அறைக்குப் போகிற மரப்படி ஒன்று இருந்தது. பதினோரு படி. புடவையைச் செருகிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறி இறங்கினார். விடுதியில் நாற்பத்து நான்கு படி, ஆகவே ஒவ்வொன்றோடும் நான்கு தடவை. கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"வாங்குறது பாட்டு கேக்கவா, தேகப்பயிற்சிக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"பாட்டு கேக்கத்தான். மேல கொண்டுபோனாத்தான கேக்க முடியும்."

ஒன்று லேசாக இருந்தது, ஆனால் விளிம்பு கூர்மையாக இடுப்பில் வெட்டியது. ஒன்றுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த தகடு கையைக் கிழித்தது. மூன்றாவது ஒரு குடத்துக்கு மேல் இரண்டு சொம்பு இருக்கும், நான்கு தடவை ஏறியபிறகு அவருக்கு முழங்கால் நடுங்கியது. நான்காவது விளிம்பு உருண்டது, மேலே ஒரு கைப்பிடி இருந்தது. பக்கத்து அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டு கிலோவும் கொஞ்சமும். இதில் இரண்டு என்றார் சிஸ்டர்.

தட்டிகளைக் கடைக்குள் நிறுத்தி மாட்டினேன். ஒவ்வொரு தட்டிக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர். திருகை இந்த முறை மூன்று தடவை பார்த்தேன். கடைக்காரர், இது குதிரைக்கு ஒரு காலுக்கு ஒரு லாடக்காரன் வைக்கிற மாதிரி என்று எங்களைக் கேலி செய்துகொண்டே இருந்தார். பாட்டு தொடங்கியதும் பேச்சை நிறுத்தினார். கடையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு மணி நேரம் ஓடியது. பெட்டிகள் சூடேறவில்லை. கணவர் கட்டியதைப் போல இருந்தது என்று சொல்லமாட்டேன். அதில் தவில் நெஞ்சில் வந்து இடித்தது. இதில் காதோடு நின்றது. இடது தட்டியில் ஈயும் இருந்தது. சிஸ்டர் அதைக் கேட்டார், என்னைப் பார்க்கவில்லை. இது போதும் என்றார்.

விடுதிக்கு ரிக்‌ஷாவில் போனோம். கேட்டில் ஓர் அம்மாள் காவல் இருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கோட்டைக் காட்டினார். நிஜமாகவே சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றையும் இறக்கிவைத்தேன். இரண்டு இளம் நர்சுகள் வந்து தட்டிகளையும் தகரப் பெட்டியையும் கொண்டுபோனார்கள். ஆம்ப்ளிஃபயர்களை சிஸ்டர் அவர்களிடம் கொடுக்கவில்லை. ஒன்றைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். மாடிப்படி வெளிப்பக்கம் இருந்ததால் அவர் ஏறுவது தெரிந்தது. முதல் மாடித் திருப்பத்தில் கொஞ்சம் நின்றார், பிறகு ஏறினார். திரும்பி வந்து இரண்டாவதை எடுத்துக்கொண்டார். இந்த முறை திருப்பத்தில் நிற்கவில்லை.

எந்த வயர் எந்தத் திருகில் என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்திருந்தேன். நூறு வோல்ட் திருகின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கோட்டுக்கு வெளியே நின்றேன். சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. எங்கள் குழாய் மாதிரி அந்தத் தட்டிகள் தெருவுக்குச் சத்தத்தை எறிவதில்லை. அறைக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு மட்டும்தான் பாடும். அரை மணி நேரம் போனது. காவல் அம்மாள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

சிஸ்டர் இறங்கி வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். பாடுகிறதா என்று கேட்டேன்.

"பாடுது. சிங்கப்பூர்ல அவரு உக்காந்து கேப்பாரு, நான் வேல பாத்துக்கிட்டே கேப்பேன். இப்பத்தான் மொதல் தடவையா உக்காந்து கேட்டேன்."

ஈ பறக்கிற சத்தத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்க நினைத்து ஏதோ உளறினேன். அது இருக்கட்டும் என்றார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். தயிர்சாதம். கேட்டுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நிலம் என்ன ஆயிற்று, கையெழுத்து என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் இருந்த வரையில் அவர் போடவில்லை.

அந்தக் கறுத்துப்போன ஒரு விரல் நீளக் கம்பிதான் மனதை விட்டுப் போகவில்லை. மெல்லிய கம்பியைத் தெரிந்த ஆள் யார் என்று, தராசு தந்த அரிசிக் கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். கீழவாசல் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுகிற, பட்டறை ஒன்றைச் சொன்னார். போய்ப் பட்டறைக்காரரிடம் விவரத்தைச் சொன்னேன். தாளில் ஒட்டிய கம்பியை யாராலும் மாற்ற முடியாது, அதை மறந்துவிடு என்றார். ஆனால் தாளடிக்கு நாற்று விடுகிற காலம், மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, பம்ப் செட் மோட்டார்கள் எரிந்து வந்து வாசல் வரை குவிந்து கிடந்தன. கம்பி எப்படி எரிகிறது என்று பார்க்க வேண்டுமானால் காலையில் வா என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். ஓர் உளியையும் சுத்தியலையும் கொடுத்து, எரிந்த மோட்டாருக்குள்ளிருந்து கறுத்த செம்புக் கம்பியை வெட்டி எடுக்கிற வேலையில் என்னை உட்கார வைத்தார்கள்.